நல்லம்பள்ளிச் செம்மண்ணில் ஜூனிபர்

கேட்டின் இரண்டு பக்கமும் வைக்க ஒரு செடி வேண்டும். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், இலை கொட்டிக் குப்பையாகக் கூடாது, சீக்கிரம் வளர்ந்து மின்கம்பியைத் தொடக் கூடாது. தர்மபுரிப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் நர்சரியில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நர்சரிக்காரரும் ஓசூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து இறங்கிய, கறுப்புப் பையில் நிற்கும் ஊசியிலைச் செடி ஒன்றை எடுத்து முன்னால் வைக்கிறார். "ஜூனிபர் சார். மெதுவாத்தான் வளரும், வெட்டற வேலையே இல்ல." வாங்கி வந்த செடிகளில் பல அடுத்த கோடை முடிவதற்குள் பழுப்பேறிவிடுகின்றன. குளிர்ப் பிரதேசத்துச் செடி நம் வெயிலுக்குத் தாங்காது என்று சொல்லிப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே குழியில் அரளியை வைத்துவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி. ஜூனிபர்களில் சில நல்லம்பள்ளியில் எத்தனை பாடுபட்டாலும் நிலைக்காதவை. சில நிலைக்கக் கூடியவை. நிலைக்கக் கூடியவை சாகும்போதும் பழி வெயில் மேல் விழுகிறது. உண்மையில் அவற்றைக் கொல்வது வேரைச் சுற்றித் தேங்கும் வெதுவெதுப்பான ஈரம். எந்த இனம், எந்த இடம், எவ்வளவு தண்ணீர் என்ற மூன்றும் நடுவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை. மெதுவாக வளரும் செடிக்கு ஒரு முறை அடிபட்டால் அதைச் சரிசெய்துகொள்ளும் வேகம் கிடையாது.

நல்லம்பள்ளி, தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாய்க்கு மேலே இருக்கிற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 450 முதல் 500 மீட்டர் உயரம். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஊட்டியில் 1848-இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் ஊசியிலை மரங்கள் ஓங்கி நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள், தங்கள் ஊர் அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடானது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு நர்சரியில் செழித்திருந்த செடிக்கும் இங்கே இரண்டரை, மூன்று டிகிரி கூடுதல்.

பகல் வெயிலைவிட இரவின் சூடுதான் ஜூனிபருக்கு முக்கியம். செடி பகலில் வெளிச்சத்தைக் கொண்டு மாவுச்சத்தைச் சேர்க்கிறது. இரவில் மூச்சுவிட்டு அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு செலவு. குளிர்ந்த மலையில் பிறந்த ஜூனிபருக்கு ஏப்ரல், மே மாத இரவுகளில் வரவைவிடச் செலவு கூடிவிடுகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்பக்கக் கிளைகள் மட்டும் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று கோடைகளில் செடி ஓய்ந்துவிடும்.

அதனால் ஒரு ஜூனிபரின் தோற்றத்தைப் பார்ப்பதற்கு முன் அது பிறந்த இடத்தைப் பார்ப்பது நல்லது. உலகில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜூனிபர் இனங்கள் உண்டு. எழுபதுக்கு மேல் என்று கணக்கிடும் தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாமே பூமியின் வட பாதியைச் சேர்ந்தவை. கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் வளரும் ஜூனிபெரஸ் புரோசெரா ஒன்றுதான் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கியது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஜூனிபர் எதுவும் இல்லை. ஊசியிலை மரங்களின் பெருங்குடும்பத்திலிருந்தே மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமானது நெஜியா வாலிச்சியானா என்ற ஒரே மரம்தான். அதன் இலையும் ஊசியாக இருக்காது, அகலமாக இருக்கும். இந்தியாவின் ஜூனிபர்கள் எல்லாம் இமயமலையில். லடாக்கில் ஜூனிபர் கிளையை ஷுக்பா என்று சொல்லி மடாலயங்களில் புகைக்கிறார்கள். லாஹௌல் சரிவுகளில், மழையே அரிதான குளிர்ப் பாலையில், நூற்றாண்டுகளாக நிற்கும் ஜூனிபர் மரங்கள் உண்டு.

இமயத்தில் இருப்பதால் அது நம் நாட்டுச் செடி, நமக்குப் பொருந்தும் என்று நினைக்க இடம் உண்டு. விஷயம் நேர் எதிர். இமயத்தின் ஸ்குவாமேட்டா இனம் மரங்கள் முடிந்துபோகும் உயரத்தில், பாதி வருடம் பனியில் கிடப்பது. அதன் வழி வந்த வகைகளில் புகழ்பெற்றது ப்ளூ ஸ்டார். நெதர்லாந்தில் ஒரு பழைய வகையின் கிளையில் தானாகத் தோன்றிய மாற்றத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தது அது. வெள்ளி நீலத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக இலை. படத்தில் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். மெதுவாக வளர்வதிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் இரவு சூடாகவும் காற்று ஈரமாகவும் இருக்கும் இடங்களில் அது தளர்ந்துபோவதை அமெரிக்காவின் தென் மாநிலத் தோட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள். நல்லம்பள்ளிக்கு அது வேண்டாம். தரையோடு படரும் ஹாரிஸான்டாலிஸ் வகைகளும் வட அமெரிக்காவின் குளிர் நிலத்தவை; அவையும் வேண்டாம். ஜின் என்ற சாராயத்துக்கு வாசனை தரும் காய் காய்க்கும் கம்யூனிஸ் இனம், உலகின் ஊசியிலைச் செடிகளிலேயே மிகப் பரந்த நிலப்பரப்பில் வளர்வது. அந்தப் பரப்பு முழுவதும் குளிர்நாடுகள்.

நமக்கு நம்பிக்கை தருவது சீன ஜூனிபர், சைனென்சிஸ் என்ற இனம். பெய்ஜிங்கில் 1420-இல் கட்டி முடித்த சொர்க்கக் கோயில் வளாகத்தில் ஒன்பது டிராகன் மரம் என்று அழைக்கப்படும் ஜூனிபர் ஒன்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. பெய்ஜிங்கின் குளிர்காலம் கடுமையானதுதான். ஆனால் அந்த ஊரின் மழை பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில், 30 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போதே கொட்டுகிறது. சூடும் மழையும் சேர்ந்து வருவதை இந்த மரம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. ஜப்பானில் 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் போன்சாய்க் கலைஞர்கள் வடக்கே நகர்ந்து 1925-இல் ஒமியா கிராமத்தை அமைத்தார்கள். அங்கே தொட்டியில் வளர்க்கும் ஷிம்பாகு ஜூனிபரும் இதே இனத்தின் மலைச்சரிவு வடிவம். அங்கேயும் ஆகஸ்ட் புழுக்கம் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் குறைந்ததில்லை. இந்த இனத்துக்குக் குளிர்காலம் முறையாகக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வளர்கிறது. சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் போன்சாய்க்காரர்கள் இதை வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். குளிர்காலமே இல்லாத அந்த ஊர்களில் தொட்டியில் நிலைப்பது நல்லம்பள்ளித் தரையில் நிலைக்க வழி உண்டு.

சீன ஜூனிபரில் கைசுகா என்றொரு வகை, நெருப்பு முறுக்கிக்கொண்டு மேலே எழுவதுபோல் கிளை விடும். கலிஃபோர்னியாவில் ஹாலிவுட் ஜூனிபர் என்று பெயர் பெற்றது அதுதான். கத்தரியே படாமல் அழகாக இருக்கும். தரையோடு தவழும் ஜப்பானியப் புரோகம்பன்ஸும், கடற்கரை மணலில் வளரும் கன்ஃபெர்ட்டாவும் சூட்டை ஓரளவு தாங்குபவை. கிடைத்தால் ஒன்று வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். புரோசெராவுக்கு வெப்ப நாட்டு மலை உகந்தது. தர்மபுரிக்கு அருகே காபியும் சில்வர் ஓக்கும் வளரும் வத்தல்மலையில் அதற்கு இடம் இருக்கலாம். ஆனால் அது நெடுமரம். வீட்டு முகப்புக்கு ஆகாது.

மெதுவாக வளரும் என்ற சொல்லை நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அமெரிக்க ஊசியிலைத் தாவரச் சங்கம் இவற்றை ஆண்டு வளர்ச்சியை வைத்துப் பிரிக்கிறது. ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால் மிகச்சிறியது, 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வரை குட்டை வகை. 15 முதல் 30 வரை நடுத்தரம். இந்தக் கணக்கில் செடி எங்கேயும் நின்றுவிடுவதில்லை. குட்டை வகையும் உயிரோடு இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் என்றால் பத்து வருடத்தில் ஒரு மீட்டர், இரு பக்கமும் படர்ந்தால் அகலத்தில் இரண்டு மீட்டர். நடைபாதையிலிருந்து இரண்டு அடி தள்ளி நட்ட செடி பத்தாவது வருடம் நடைபாதையில் நிற்கும். பெர்லினின் ஷ்பேட் நர்சரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகுக்குக் கொடுத்த ஃபிட்சர் ஜூனிபர், சிறிய செடி என்று நம்பி வாங்கியவர்களின் முற்றத்தில் மூன்று மீட்டர் அகலத்துக்குப் படர்ந்து நிற்பதை இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்க்கலாம்.

படர்ந்தால் வெட்டிக்கொள்ளலாமே என்பார்கள். செம்பருத்தியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் துளிர்க்கும். ஜூனிபரில் அது நடக்காது. பச்சை இலை இருக்கும் பகுதிக்குள் வெட்டினால்தான் மறுபடி தழையும். இலையற்ற பழைய தண்டு வரை வெட்டினால் அந்த இடம் மொட்டையாகவே இருந்துவிடும். ஆகவே இடத்துக்குத் தக்க செடியை முதலிலேயே எடுக்க வேண்டும்.

மெதுவான வளர்ச்சிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பிரான்சின் வெர்தோன் பள்ளத்தாக்கில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில், கைக்கு அடங்கும் தண்டோடு ஆயிரம் வயதைத் தாண்டிய ஜூனிபர்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மண் கிடையாது, உரம் கிடையாது, நீரும் எப்போதாவது. அந்த வறுமையே அவற்றின் ஆயுளுக்குத் துணை. நாம் தோட்டத்தில் இதற்கு நேர்மாறாக நடத்துகிறோம்: குழி நிறைய எரு, தினம் இரண்டு வாளி தண்ணீர், மாதம் ஒரு பிடி யூரியா. மல்லிகைக்கும் சாமந்திக்கும் செய்து பழகிய கை அது. சாமந்திக்கு அது சரி.

நர்சரியில் முதலில் பார்க்க வேண்டியது, கொடுப்பது ஜூனிபர்தானா என்பதை. நம் ஊரில் ஜூனிபர் என்று விற்பதில் கணிசமானவை தூஜா. தோட்டங்களில் தூஜா என்று வழங்கும் அந்தச் செடியின் தாவரவியல் பெயர் பிளாட்டிக்ளாடஸ் ஓரியண்டாலிஸ். வேறுபாடு கையில் எடுத்தாலே தெரியும். தூஜாவின் சிறுகிளைகள் தட்டையானவை. விசிறி மடிப்பை நிமிர்த்தி அடுக்கியதுபோல் செங்குத்தாக நிற்கும். காய் இளம் பச்சை நீலமாக, முனையில் கொக்கி கொக்கியாக வளைந்த சிறு கொம்புகளோடு இருக்கும். காய்ந்ததும் மரக்கட்டையாகி வெடிக்கும். சீன ஜூனிபரின் கிளை உருண்டை, தட்டையாக இராது. அதே செடியில் இரண்டு வித இலை காணலாம். முதிர்ந்த கிளையில் இலை செதில் செதிலாகக் கயிறு முறுக்கினதுபோல் ஒட்டியிருக்கும். இளங்கிளையிலும் நிழலில் இருந்த கிளையிலும் முள்ளாகக் குத்தும். காய் வெடிக்காது, சதைப்பற்றோடு மணியாகவே இருக்கும். தூஜா வந்துவிட்டாலும் நஷ்டமில்லை. அது சமவெளிக்கு நன்றாகப் பழகிய செடி. சொர்க்கக் கோயிலில் ஜூனிபரோடு நிற்கும் பழைய மரங்களில் பெரும்பாலானவை அதுதான். ஆனால் இரண்டுக்கும் விலை வேறு, உருவம் வேறு. தெரிந்தே வாங்க வேண்டும்.

அடுத்து வேர். பையை லேசாக அழுத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தென்னை நார்க்கழிவில் வளர்த்த செடிதான் இப்போது அதிகம் வருகிறது. தூக்கிப் போக இலேசு, நர்சரிக்கு வசதி. அந்த நார்க்கட்டியை அப்படியே செம்மண்ணில் புதைத்தால் ஒரு சிக்கல். சுற்றியுள்ள மண் காயும்போதும் நார் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வேர் அதை விட்டு வெளியே வராது. முழுதாக ஒருமுறை காய்ந்துவிட்டால் நார் தண்ணீரை ஏற்க மறுத்து, ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்துவிடும். நடும்போது வெளிப்பக்க நாரைச் சுற்றிலும் ஒரு விரற்கடை அளவுக்கு உதிர்த்துவிட வேண்டும். முழுவதையும் கழுவி எடுக்கக் கூடாது. ஜூனிபரின் வேரோடு இருக்கும் பூஞ்சைத் துணை அதற்கு அவசியம், வேரை அம்மணமாக்கினால் செடி பிழைப்பது கடினம்.

பசுமை வலைக்கு அடியில் இருந்த செடியைக் கொண்டுவந்த அன்றே வெயிலில் வைக்கக் கூடாது. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் சில வாரம் வைத்துப் பிறகு மாற்றுவது நல்லது. பழகிய பின் அதற்கு முழு வெயில் கட்டாயம் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வெயிலுக்குப் பயந்து போர்ட்டிகோவின் கீழே வைத்த ஜூனிபர்கள்தான் முதலில் போகின்றன. நிழலில் மண் காயாது, மாவுச்சத்து சேராது, உள்ளிலை உதிரும். வீட்டுக்குள் மேசை மேல் வைக்கும் போன்சாய் ஜூனிபரின் கதையும் இதுதான்.

இந்தச் செடியோடு ஒரு சங்கடம் உண்டு. ரோஜா செத்தால் அன்றே வாடிக் காட்டும். ஜூனிபர் வேர் அழுகிச் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பழுப்பு தெரிகிற நாளில் காரணத்தைத் தேடினால், காரணம் போன மாதத்தில் இருக்கும். மே மாதம் பழுப்பேறியது என்றால் வெயிலைக் குற்றம் சொல்கிறோம். ஏப்ரலில் தினமும் தண்ணீர் ஊற்றியதை மறந்துவிடுகிறோம். வெயிலின் மீது விழும் பழிக்குப் பெரும்பகுதிக் காரணம் இந்தத் தாமதம்தான். சந்தேகம் வந்தால் நகத்தால் சிறு கிளையின் பட்டையைச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே ஈரப் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நடுவில் மட்டும் பழைய இலைகள் பழுத்து உதிர்வது இயல்பு; நுனி மங்கினால்தான் கவலை.

ஆகவே வேர் நிற்கும் இடத்தை அமைப்பதுதான் முழு வேலை. நல்லம்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் மேலே செம்மண், சில இடங்களில் சரளை, தோண்டினால் இரண்டு மூன்று அடியில் சுக்கான் அல்லது பாறை. ஆண்டு மழை 850 மில்லிமீட்டர் அளவில். அதில் கணிசமான பங்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வந்துவிடும். கெட்டியான மண்ணில் குழி தோண்டி, அதில் மட்டும் நல்ல மண்ணும் எருவும் நிரப்பினால், அந்த மழையில் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். செடி அந்தத் தொட்டிக்குள் நிற்கும். எங்கே நடப்போகிறோமோ அங்கே ஓரடிக் குழி எடுத்து நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாவது நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் தரையிலேயே நடலாம். மறுநாள் காலையிலும் நின்றால் குழியை மூடிவிட்டு மேடு கட்ட வேண்டும்.

மேடு ஒன்று, ஒன்றரை அடி உயரமும் நாலடி அகலமும் இருந்தால் போதும். பாதி செம்மண், மீதியில் கிரஷரில் கிடைக்கும் சிப்ஸ் ஜல்லியும் உடைத்த செங்கல்லும், அதோடு நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு கூடை. எம்-சாண்ட் போடக் கூடாது. அதன் தூள் இறுகிவிடும். பையில் எந்த மட்டத்தில் நின்றதோ அதைவிட ஒரு விரல் மேலே நட வேண்டும். மேலே மூடாக்காக இலைச் சருகோ மரத்தூளோ வேண்டாம்; நம் செம்மண்ணில் அது கறையானுக்கு வைக்கும் விருந்து. கூழாங்கல்லோ ஜல்லியோ பரப்பினால் ஈரமும் காக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நீர் பற்றித் தர்மபுரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. இந்த மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததற்குக் காரணமே அதுதான். தண்ணீரில் சுண்ணாம்பும் கூடுதல். ஜூனிபர் சுண்ணாம்புக்கு அஞ்சாது. சுண்ணாம்புப் பாறையிலேயே வளரும் இனங்கள் உண்டு என்று பார்த்தோம். அதற்கு ஆகாதது உப்பின் செறிவு. வீட்டில் ஆர்ஓ வைத்திருப்பவர்கள் அதன் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த நீரில் உப்பு இரட்டிப்பாகியிருக்கும். தரை துடைக்கலாம், ஜூனிபருக்கு வேண்டாம். மண்ணையும் நீரையும் சோதித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்ற கேள்விக்கு நாள் கணக்கில் பதில் சொன்னால் அது தவறாகிவிடும். ஒரு மூங்கில் குச்சியை மேட்டில் அரையடி ஆழத்துக்குச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால் நிதானமாக, ஆழமாக ஊற்ற வேண்டும். பிறகு மறுபடி குச்சி சொல்லும்வரை விட்டுவிட வேண்டும். சொட்டுநீர்க் குழாயைத் தண்டை ஒட்டி வைக்காமல் கிளை நுனிக்கு நேர்கீழே வைக்க வேண்டும். புல்தரைக்கு நடுவே ஜூனிபர் நடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புல்லுக்குத் தினம் நீர் வேண்டும். ஜூனிபருக்கு அதுவே விஷம். இரண்டில் ஒன்று எப்போதும் துன்பப்படும்.

தொட்டியில் வைக்கிறவர்களுக்கு எதிரி வேறு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்தில் மண் கோடைப் பிற்பகலில் 50 டிகிரியை நெருங்கிவிடும். அந்தப் பக்க வேர் வெந்துபோகும். மண்தொட்டி, அல்லது ஒரு தொட்டிக்குள் இன்னொன்று வைத்து இடையில் சரளை போடுவது நல்லது. மொட்டைமாடியில் தளத்தோடு ஒட்டாமல் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும்.

பூச்சிகளில் பயப்பட வேண்டியது சிவப்புச் சிலந்தி. மார்ச் முதல் மே வரை, காற்று காய்ந்து தூசி படியும் காலத்தில் வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலை பச்சை மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் ஆனால் ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசிப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் சில மெல்ல நகரும். விரலால் தேய்த்தால் செம்பழுப்பாகத் தீற்றும். அதுதான். மருந்துக்கு முன் தண்ணீர்: காலையில் குழாயை வேகமாகத் திறந்து கிளையின் அடிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் நன்றாகக் கழுவ வேண்டும், சில நாள் இடைவெளியில் மறுபடியும். நெடுஞ்சாலைத் தூசி படியும் வீடுகளில் இந்தக் குளியல் தானாகவே ஒரு தடுப்பு. வேப்பெண்ணெய் அடிக்கிறவர்கள் நீல நிற வகைகளில் அடிக்கக் கூடாது. நீலமாகத் தெரிவது இலை மேல் படிந்த மெழுகுப் பூச்சு, எண்ணெய் அதைக் கரைத்துவிடும்.

செதில் பூச்சியை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு பெர்முடா தீவு சாட்சி. அந்தத் தீவுக்கே உரிய பெர்முடா ஜூனிபர் அங்கே காடாக நின்றது. வீடும் கப்பலும் அதில்தான் கட்டினார்கள். வெளியிலிருந்து தெரியாமல் வந்து சேர்ந்த செதில் பூச்சிகள் 1940-களின் நடுவிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட மரங்களை அழித்துவிட்டன. வாங்கும்போதே கிளை இடுக்கில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜூனிபரைத் தாக்கும் ஒருவகைத் துருப்பூஞ்சை தன் வாழ்வின் பாதியைப் பேரி மரத்தில் கழிக்கிறது. ஜப்பானில் பேரி விளையும் சில ஊர்களில் பழத்தோட்டத்துக்கு அருகே கைசுகா ஜூனிபர் நடக் கூடாது என்று உள்ளூர்ச் சட்டமே உண்டு. நம் மலைகளில் பேரி காய்க்கிறது. வடக்கிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஜூனிபர் தருவித்து மலையில் நடுகிறவர்கள் ஒரு கணம் யோசிக்க வேண்டும். நல்லம்பள்ளியில் பேரி இல்லாததால் இந்தக் கவலை இல்லை.

இங்கே கவலைப்பட வேண்டியவை ஆடும் நெருப்பும். டெக்சாஸில் ஜூனிபர் புதர் மேய்ச்சல் நிலத்தில் பரவாமல் இருக்க வெள்ளாட்டை விட்டு மேய்க்கிறார்கள். நம் வெள்ளாடு மட்டும் விட்டுவைக்குமா? வேலி இல்லாத முகப்பில் நடுவதில் பயனில்லை. சபீனா என்ற இனம் விஷமுள்ளது. எந்த ஜூனிபர் என்று தெரியாமல் காயைக் குழந்தைகள் வாயில் வைக்க விடக் கூடாது. இந்தச் செடியின் பிசினில் எண்ணெய்ச் சத்து அதிகம், உள்ளே சேர்ந்திருக்கும் காய்ந்த இலை சட்டென்று பற்றும். காட்டுத்தீக்குப் பழகிய கலிஃபோர்னியாவில் வீட்டுச் சுவரை ஒட்டி ஜூனிபர் வைக்காதீர்கள் என்று தீயணைப்புத் துறைகளே அறிவுறுத்துகின்றன. தீபாவளிப் பொறி விழும் நம் முற்றத்தில் ஜன்னலுக்குக் கீழே இதை வைப்பது சரியில்லை. வருடம் ஒருமுறை உள்ளே கைவிட்டுக் காய்ந்த இலையை உதிர்த்து எடுத்தால் செடிக்குக் காற்றும் கிடைக்கும்.

என் விருப்பம், கேட்டுக்கு இரு பக்கமும் சோடியாக நடுவதை விட்டு, நல்ல மேடு ஒன்று கட்டி ஒரே ஒரு சீன ஜூனிபரை நடுவது. சோடியில் ஒன்று பட்டுப்போனால் மற்றதன் அளவுக்கு இன்னொன்று சந்தையில் கிடைக்காது. மெதுவாக வளர்வதால் இரண்டடிச் செடிக்கே சில வருட வயது இருக்கும். அதன் விலையும் அந்த வருடங்களின் விலைதான். வரிசையாக வேலி போடவும் வேண்டாம். நடுவில் ஒன்று போனால் பல்லிழந்த வரிசையாக நிற்கும். அந்த வேலைக்குத் தூஜா போதும், அதைவிடக் குரோட்டன்ஸ் போதும்.

நட உகந்த காலம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை. பெருமழை ஓய்ந்திருக்கும், இரவு குளிர்ந்திருக்கும், கோடைக்கு முன் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். புரட்டாசி மழையை நம்பி நடுவது மாவுக்கும் தென்னைக்கும் சரி; இதற்கு அதுவே மிக மோசமான காலம். உரம் முதல் வருடம் எதுவும் வேண்டாம். இரண்டாம் வருடம் முதல் தை மாதம் ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம், அவ்வளவுதான்.

முழு வெயில் படும் இடம் இல்லாதவர்களும், தினம் தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியாதவர்களும் இதை நட வேண்டாம் என்றே சொல்வேன். அவர்களுக்கும் மெதுவாக வளரும் பசுஞ்செடி நம் வறண்ட காடுகளிலேயே உண்டு. ஆவுடையார்கோயிலின் தலமரமான குருந்து, எலுமிச்சை வாசத்தோடு, பளபளக்கும் சிற்றிலையோடு, கத்தரியால் எந்த இடத்தில் வெட்டினாலும் துளிர்த்து நிற்கும். பட்டாம்பூச்சி முட்டையிட வரும். உலக்கைப் பாலை இன்னும் மெதுவானது, இன்னும் உறுதியானது, பழத்துக்குப் பறவை வரும். நாட்டு மரக்கன்று வளர்க்கும் நாற்றங்காலில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் இரண்டும் கிடைக்கும்.